தலைக்கொரு தொப்பி

(தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளையாட்டு விழாவுக்கும் நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கும் பள்ளியின் பெயர் பொறித்த தொப்பிகளைச் செய்விப்பது பற்றிப் பேசுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டீர்கள். தொப்பியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு சங்கம் ஓராண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், விற்காத தொப்பிகளாகப் பள்ளியின் பொருள் அறையில் பெட்டி பெட்டியாக முடங்கிக் கிடந்ததை நாம் கண்டிருக்கிறோம். இன்னோரிடத்தில் அதே தொப்பியால் கணினி அறைக்கு மின்விசிறிகள் வந்ததையும் கண்டிருக்கிறோம். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை தொப்பியில் இல்லை. செய்விக்கும் முன் போட்ட கணக்கில் இருந்தது.

கொடுத்துப் பழகியவர்கள் நம் தோட்ட மக்கள். 1950களில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டியவர்களும் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பே அதன் முதலாயிற்று. அவர்களுக்கு யாரும் தொப்பி கொடுக்கவில்லை. ஆதலால், தொப்பி கிடைக்கிறது என்பதற்காக நம் மக்கள் பணம் கொடுப்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கொடுக்க விரும்புகிறவர் கொடுத்தபின், அவர் கையில் நாம் தரும் ரசீதுதான் தொப்பி. ஆயினும் அது மற்றவர் கண்ணுக்குத் தெரியும் ரசீது. அங்கேதான் அதன் பயன் இருக்கிறது.

சட்டை செய்விப்பதைவிடத் தொப்பி செய்விப்பது சங்கங்களுக்கு எளிது. சட்டைக்கு ஆறேழு அளவுகள் வேண்டும். எந்த அளவு எத்தனை என்பதில் தவறு நேர்ந்தால், மிகப் பெரியதும் மிகச் சிறியதும் மிஞ்சிவிடும். பின்புறம் இறுக்கித் தளர்த்தும் பட்டை வைத்த தொப்பியோ பெரியவர்களுள் ஏறக்குறைய எல்லார்க்கும் பொருந்தும். மேலும், விழாச் சட்டை ஒரு நாள் உடுத்தியபின் அலமாரிக்குள் போய்விடும். தொப்பி சந்தைக்கும் காய்கறிக் கொல்லைக்கும் மோட்டார் சைக்கிள் பயணத்தில் கடைத்தெருவுக்கும் போய்வரும். 1970களில் அமெரிக்காவில் விதை, உரம், உழவுப்பொறி விற்ற நிறுவனங்கள் முன்புறம் பஞ்சுத் தகடும் பின்புறம் வலையும் வைத்த தொப்பிகளில் தங்கள் பெயரைப் பொறித்து, உழவர்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் இலவசமாக வழங்கியதன் காரணம் இதுவே. வெயிலில் உழைப்பவன் அதைத் தூக்கி எறியமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி, நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு மகிழ்ச்சியான அனுபவம் அன்று.

இலாகாப் பணிக்கு வருமுன் நாம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தோம். ஓராண்டு விளையாட்டு விழாவுக்கு மஞ்சள் நிறத்தில் தொப்பி செய்வித்து, மாணவர் ஒவ்வொருவரும் ஒன்று வாங்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. விற்று வரும் இலாபம் பள்ளி வேலிக்கு என்பது ஏற்பாடு. விழா நாளில் அணிவகுப்புக்கு நிறுத்தினால், மஞ்சள் வரிசைக்கு நடுவே ஐந்து தலைகள் வெறுமையாக இருந்தன. புகைப்படம் எடுப்பவர் காத்திருந்தார். வரிசை அழகாக இருக்க வேண்டும் என்று அந்த ஐந்து பிள்ளைகளையும் பின்வரிசைக்கு மாற்றி நிறுத்தியவர் வேறு யாருமல்லர், நாமேதான். அவர்களுள் ஒரு சிறுவன் பிற்பகலில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தான். பரிசு பெற மேடையேறியபோது, பெரிய பையன் ஒருவனிடம் தொப்பியை இரவல் வாங்கி அணிந்து வந்தான். அது அவன் காதுகளை மூடிப் புருவம்வரை இறங்கியிருந்தது. கோப்பையைப் பெற ஒரு கையும், தொப்பியைத் தூக்கிப் பிடிக்க ஒரு கையுமாக நின்றான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அன்று வேலிக்கு எவ்வளவு சேர்ந்தது என்பது நமக்கு நினைவில்லை.

அதனால்தான் எந்தச் சங்கம் நம்மிடம் யோசனை கேட்டாலும் ஒன்றை முதலில் சொல்கிறோம். தொப்பி பெரியவர்களுக்கு விற்கப்பட வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட வேண்டும். பிள்ளைகளின் தொப்பிச் செலவு முதற்கணக்கிலேயே சேர்ந்துவிட வேண்டும். மிஞ்சினால் ஏழைப் பிள்ளைகளுக்குத் தருவோம் என்பது போதாது. இலவசமாகப் பெற்றவன் இன்னான் என்று அதுவும் அடையாளம் காட்டிவிடும்.

இதற்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்பீர்கள். ஆசிரியத் தொழில் விட்டும் கரும்பலகைப் பழக்கம் விடவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்காகச் சொல்பவை. 200 தொப்பிகள் செய்தால் ஒன்றுக்கு 9 வெள்ளி அடக்கம் என்று கொள்வோம். மொத்தம் 1,800 வெள்ளி. ஒன்று 15 வெள்ளிக்கு விற்றால், 120 தொப்பிகள் விற்றபின்தான் போட்ட முதல் திரும்பும். நாற்பது பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்து, மற்ற 160 தொப்பிகளையும் விற்றுவிட்டால் 2,400 வெள்ளி வரும். 600 வெள்ளி மிஞ்சும். ஆனால் பெரியவர்களுள் 90 பேர் மட்டும் வாங்கினால் வருவது 1,350 வெள்ளி. 450 வெள்ளி நட்டம்.

இப்போது 130 மட்டும் செய்விக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை குறைந்ததால் அடக்கவிலை 10 வெள்ளியாக ஏறுகிறது. மொத்தம் 1,300 வெள்ளி. பிள்ளைகளுக்கு நாற்பதும் பெரியவர்களுக்குத் தொண்ணூறும் போக, 50 வெள்ளி இலாபம். ஐம்பது வெள்ளி பெரிதல்லதான். ஆயினும் அதே தொண்ணூறு பேர், அதே நாற்பது பிள்ளைகள். முன்னதில் 450 வெள்ளி நட்டம் வந்ததே! நிறையச் செய்தால் மலிவு என்று வியாபாரி சொல்வது உண்மைதான். அந்த மலிவு விற்ற தொப்பிக்குத்தான். விற்காத தொப்பிக்கு அன்று. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி, முன்பணம் பெற்று, எண்ணியபின் செய்யச் சொல்லுங்கள். ‘எப்படியும் போய்விடும்’ என்று செயற்குழுவில் யாராவது சொன்னால், அவரையே ஐம்பது தொப்பிக்குப் பொறுப்பேற்கச் சொல்லலாம்.

கூடுதல் வருமானத்துக்கு வழி, ஆதரவாளரிடம் செய்கூலியைப் பெறுவது. மளிகைக்கடைக்காரரோ லாரி முதலாளியோ ஏற்றுக்கொண்டால் நன்று. அவர் பெயரைப் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ சிறிதாகப் பொறிக்கலாம். முன்புறம் பள்ளிக்கு உரியது. நெற்றியில் கடைப்பெயரும் பிடரியில் பள்ளிப் பெயருமாக வந்த தொப்பி ஒன்றை நாம் பார்த்தோம்; பிள்ளைகள் அக்கடையில் வேலை செய்பவர்கள் போலத் தோன்றினார்கள்.

செய்விக்கும் முறையைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுகிறோம். தொப்பியின் மேற்பகுதியை ஆறு துண்டுத் துணியால் தைப்பார்கள். ஐந்து துண்டாலும் தைப்பார்கள். ஆறு துண்டுத் தொப்பியில் நெற்றிக்கு நேர் நடுவே தையல் வரும். அதன்மேல் அச்சிட்டால் எழுத்து நெளியும். ஐந்து துண்டில் முன்புறம் தையலின்றி இருக்கும். அச்சிடுவதற்கு அதுவே ஏற்றது. திரை அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் திரை வேண்டுமாதலால், வண்ணம் கூடக் கூடச் செலவு கூடும். ஒரே வண்ணம் போதும். நூலால் பொறிப்பது நெடுநாள் உழைக்கும். ஆனால் சிறிய தமிழ் எழுத்துகளில் சுழிகள் நூலால் அடைபட்டு, புள்ளிகள் மறைந்துவிடும். நீண்ட பெயர்களை நூலில் பொறிக்க முயல வேண்டா. முத்திரையும் ஊர்ப் பெயரும் பெரிதாக இருந்தால் போதும்.

தமிழ் எழுத்தில் மற்றுமோர் ஆபத்து உண்டு. நம்மிடமுள்ள எழுத்துரு அச்சகத்துக் கணினியில் இல்லாவிட்டால், கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகச் சிதறிப்போகும். தமிழறியாதவர் அதைக் கண்டுபிடிக்க இயலாது. அவரைக் குறைகூறிப் பயனில்லை. ஒரு பள்ளிக்கு நூற்றுக்கு மேற்பட்ட தொப்பிகள் ஒரு புள்ளிகூட இல்லாமல் வந்து இறங்கின. ‘தமிழப பளளி’ என்று அணிந்துகொண்டு தமிழ் விழாவுக்கு எப்படிப் போவது? எழுத்தைப் படமாக மாற்றிக் கொடுங்கள். மாதிரித் தொப்பி ஒன்றைக் கையில் வாங்கி, தமிழாசிரியர் ஒருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டபின், மற்றவற்றைச் செய்யச் சொல்லுங்கள். திறன்பேசியில் அனுப்பும் படத்தை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டா.

நூற்றாண்டு விழா போன்றவற்றுக்கு அன்றி, தொப்பியில் ஆண்டைப் பொறிக்காதீர்கள். மிஞ்சியது அடுத்த ஆண்டு விற்கும்.

பிள்ளைகளுக்கு முன்விளிம்புத் தொப்பியைக் காட்டிலும் சுற்றிலும் விளிம்புள்ள துணித் தொப்பியே தக்கது. முன்விளிம்பு நெற்றியை மறைக்கும். காதும் பிடரியும் வெயிலில்தான் இருக்கும். காலை எட்டு மணிக்குத் தொடங்கி நண்பகல்வரை திடலில் நிற்பவர்களுக்கு அது சிறிய செய்தி அன்று. பெரியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: செம்பனைக் குலை வெட்டச் செல்பவர்கள் பள்ளித் தொப்பியை அணிந்துகொண்டு பாதுகாப்புத் தலைக்கவசத்தை வீட்டில் வைத்துவிடக் கூடாது.

விழா நடத்துவதிலும் தொப்பி உதவும். கூட்டத்தில் சட்டை மறையும், தலை மறையாது. தொண்டர்களுக்கு மட்டும் சிவப்பு, முதலுதவியாளருக்கு வெள்ளை என்று வைத்து, ‘வழி தவறினால் சிவப்புத் தொப்பிக்காரரிடம் போ’ என்று பிள்ளைகளிடம் காலையிலேயே சொல்லிவிடலாம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்வோருக்கும் இம்முறை உகந்தது. சந்நிதிக்குள் போகும்போது கழற்றிவிட வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சட்டச் செய்தி. வீடு வீடாகவும் தெருவிலும் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி காவல் துறையிடம் முன்கூட்டியே உரிமம் பெற வேண்டும். தொப்பி விற்பனையையும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். பள்ளியின் பெயர் சம்பந்தப்படுவதால் தலைமை ஆசிரியரின் ஒப்புதலின்றி எதையும் தொடங்க வேண்டா. விற்றது, கொடுத்தது, மிஞ்சியது ஆகிய மூன்று எண்களையும் விழா முடிந்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். தோட்டத்தில் பேச்சு வளர்வதற்கு ஒரு வாரமே அதிகம்.

மேசைமேல் மூன்று மாதிரிகள் வைத்திருக்கிறோம். ஐந்து துண்டும் ஆறு துண்டும் இருக்கின்றன. எழுத்து அடைபட்ட நூல் வேலைப்பாடும் ஒன்று இருக்கிறது. தேநீர் வேளையில் எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கான அளவை, இங்கே வந்திருக்கும் சிறுவர்களின் தலையில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.