மானிப்பாயில் ஒரு வைத்தியர்

1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார். அதற்கு இரண்டு மாதங்கள் முந்தி, ஒக்ரோபர் 10ஆந் திகதி, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் பிறந்தார். ஒருவர் சைவத்தைக் காக்கப் புறப்பட்டவர். மற்றவர் கிறிஸ்து சமயத்தைப் பரப்ப வந்தவர். 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையிலே பள்ளிக்கூடம் தொடங்கினார். அதே ஆண்டிலே கிறீன் மானிப்பாயில் வைத்தியப் பணி தொடங்கினார். நாவலரைப் பற்றி இந்த வரிசையிலே நிறையப் பேசியாயிற்று. இன்று மற்றவரைப் பற்றிச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். ஒரு வைத்தியரைப் பற்றி இலக்கிய நிகழ்ச்சியிலே என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். தமிழாசிரியனாகிய எனக்கு அவருடைய மருந்துப் பெட்டியிலும் பார்க்க அவருடைய எழுதுமேசையே முக்கியம்.

கிறீன் 1845இல், தமது இருபத்து மூன்றாவது வயதளவில், நியூயோர்க்கிலே மருத்துவப் பட்டம் பெற்றார். அவருக்கு மூத்தவர் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க்கின் புகழ்பெற்ற மத்திய பூங்காவை உருவாக்குவதிலே முன்னின்றவர். 1898இல் அந்தப் பெருநகரம் ஒன்றிணைவதற்குக் காரணமாயிருந்தவர். அப்படிப்பட்ட தமையன் இருக்கத் தம்பியும் அங்கேயே தங்கி நல்ல வருமானத்தோடு தொழில் பார்த்திருக்கலாம். அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அமெரிக்க மிஷனிலே அவர் முதலாவது வைத்தியரல்லர். பண்டத்தரிப்பிலே ஜோன் ஸ்கடரும், வட்டுக்கோட்டையிலே நேதன் வார்ட்டும் அவருக்கு முன்னரே பணி செய்தவர்கள்.

மானிப்பாயிலே நோயாளரைப் பார்த்துக்கொண்டே அவர் மாணாக்கரைச் சேர்த்து வைத்தியம் படிப்பித்தார். படிப்பு முதலில் ஆங்கிலத்திலே நடந்தது. வட்டுக்கோட்டை செமினரியால் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லாத காலம் அது. ஆனால் படித்து வெளியேறியவன் என்ன செய்தான்? அரசாங்க உத்தியோகத்தைத் தேடினான். சுன்னாகத்திலோ புங்குடுதீவிலோ போயிருந்து மருந்து கொடுக்க அவனுக்கு மனமில்லை. 1858 அளவில் நாடு திரும்பியிருந்த கிறீன், 1862இல் மனைவி மார்கரெட்டுடன் மீண்டும் வந்தபோது தெளிவாக ஒரு முடிவு எடுத்தார். இனி வைத்தியப் படிப்பு தமிழிலேயே நடக்கும் என்பதே அது. தமிழிலே படித்தவன் தமிழர் நடுவிலே இருப்பான் என்று அவர் கணக்குப் போட்டார். தம் மாணாக்கர் காற்சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரராக வேஷம் போடுவதையும் அவர் விரும்பவில்லை. வேட்டியோடும் சால்வையோடும் ஊரவராகவே இருக்கட்டும் என்றார். அவரிடம் கற்று வைத்தியரானவர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர்.

படிப்பிக்க முடிவெடுத்துவிட்டால் போதுமா? புத்தகம் வேண்டுமே. வைத்தியசாலை வேலை முடிந்தபின் அவருக்கு மிஞ்சிய நேரமெல்லாம் இதற்குத்தான் போயிற்று. கட்டரின் உடல்நூலை 1850களிலேயே அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்று தமிழாக்கினார். பின்னர் பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கிறேயின் உடற்கூற்று நூலாகிய மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என ஒவ்வொன்றாக வெளிவந்தன. சிலவற்றை அவரே மொழிபெயர்த்தார். சிலவற்றை மாணாக்கர் மொழிபெயர்க்க அவர் திருத்தினார். எல்லாமாக நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்.

நேயர்களே, இந்தத் தலைப்புகளைச் சற்று நின்று பாருங்கள். கேசாதிபாதம் என்று நமக்கு ஒரு பிரபந்த வகை உண்டு. தலைமயிர் தொடங்கிப் பாதம் வரை பாட்டுடைத் தலைவனைப் பாடுவது. அங்காதிபாதம் என்ற சொல்லைக் கேட்டவுடனே தமிழ் படித்தவன் காதுக்கு அந்த ஓசை வந்துவிடுகிறது. உடம்பை அறுத்துப் பார்த்து எழுதிய நூலுக்கு நமக்குப் பழகிய ஓசையிலே ஒரு பெயர். உற்பாலனம் என்றால் நன்கு பேணுதல் என்று கொள்ளலாம். சுகாதாரம் என்று இன்று நாம் சொல்வதைத்தான் அப்படிச் சொன்னார். சுகரணம் என்பது இன்று பாடநூல்களிலே உடற்றொழிலியல் ஆகிவிட்டது. கெமிஸ்தம் என்பதோ இன்னொரு விதம். இரசாயனம் என்ற சொல் இருக்கவே ஆங்கிலச் சொல்லை எடுத்து, வாலிலே ஓர் அம் விகுதியை வைத்துத் தமிழ்ச் சொல்லைப்போல நடமாட விட்டுவிட்டார். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும். வடமொழி மிகுதி என்று தனித்தமிழ் அன்பர்கள் முகஞ் சுளிப்பார்கள். அக்காலத்து வசனநடை அது. கலைச்சொல் என்பது அகராதிக்குள்ளே கிடப்பதற்கல்ல, அடுத்த நாள் காலையில் ஒரு மாணாக்கன் வாயிலே வருவதற்கு என்று அவர் கண்டிருந்தார். இன்று கலைச்சொல்லாக்கக் குழுவிலே இருப்பவர்களுக்கு அந்த அவசரம் இல்லை.

சைவனாகிய நான் இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அவர் வைத்தியம் செய்தது மதம் பரப்பும் நோக்கத்தோடுதான். அதை அவர் ஒளித்ததில்லை. நமது நாட்டு வைத்தியத்திலும் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. பரராசசேகரம், செகராசசேகரம் என்று யாழ்ப்பாணத்து அரசர் பெயரிலே வைத்திய நூல்கள் வழங்கிய மண் இது. கை முறிந்தால் இன்றைக்கும் ஒட்டுக் கட்டுவிக்கப் பரியாரியிடம் போகிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கைப்பழக்கத்தையும் அவர் உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால் நமக்கு எவ்வளவு லாபம்! அது அவருடைய காலத்துக்கும் நோக்கத்துக்கும் அப்பாற்பட்டது.

1873இல் அவர் அமெரிக்கா திரும்பினார். வூஸ்ரரிலே கிறீன் ஹில் என்ற குடும்ப மனையிலே இருந்துகொண்டும் தமிழ்ப் பிரதிகளைத் திருத்துவதை அவர் விடவில்லை. மனுஷ சுகரணம் வெளிவந்தது 1883இல். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் காலமானார். கல்லறையிலே, தமிழருக்கு வைத்திய ஊழியர் என்ற பொருள்பட ஆங்கிலத்திலே பொறித்திருக்கிறார்கள்.

அவருக்குப் பின் தமிழ் வைத்தியப் படிப்பு நீடிக்கவில்லை. 1870இலேயே கொழும்பிலே மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலே தொடங்கிவிட்டது. பட்டமும் பதவியும் அந்தப் பக்கமாயிருக்க, எந்தத் தகப்பன் மகனை மானிப்பாய்க்கு அனுப்புவான்? 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவ பீடம் வந்தபோதும் பாடம் ஆங்கிலத்திலேதான். என்னிடம் தமிழ் படித்துவிட்டு அங்கே போன பிள்ளைகள் சிலர் உண்டு. நல்ல கெட்டிக்காரர். வார்டிலே ஒரு கிழவி, தம்பி எனக்கு என்ன வருத்தம் என்று கேட்டால் எப்படிச் சொல்வாய் என்று ஒருவனிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, சேர், அதை நேர்ஸ் அக்கா சொல்லிவிடுவா என்றான்.

கிறீனின் நூல்கள் சில இப்போது கணினித் திரையிலேயே படிக்கக் கிடைக்கின்றன. மனுஷ அங்காதிபாதத்தை அவனிடம் காட்டினேன். எலும்புகளைப் பற்றிய பகுதியை அரைமணி நேரம் சத்தமின்றி வாசித்துக்கொண்டிருந்தான்.