ஆற்றங்கரை வாழ்வும் வெள்ளக் காப்புறுதியும்

"தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?" என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பெருந்துன்பத்தில் ஆழ்ந்தவனுக்கு அதன்மேல் வரும் சிறுதுன்பம் ஒரு பொருட்டன்று என்பது அதன் கருத்து. வாழ்க்கையின் ஏனைய இடர்களுக்கு இம்மொழி பொருந்தலாம். ஆயின், மெய்யாகவே ஆற்றங்கரையில் குடியிருப்பவனுக்கு இது பொருந்தாது. சாண் உயரம் தண்ணீர் வீட்டினுள் வந்தால் பாயும் தலையணையும் நனையும். முழ உயரம் வந்தால் அரிசிப் பெட்டியும் பிள்ளைகளின் புத்தகங்களும் போய்விடும். இடுப்பளவு வந்தால் தையல் இயந்திரமும் கடைச் சரக்கும் மண்சுவரும் சேர்ந்து போகும். சாணுக்கும் முழத்துக்கும் இடையேயுள்ள வேற்றுமையே ஒரு குடும்பம் ஒரு மாதத்தில் எழுந்து நிற்பதற்கும் பத்தாண்டு கடன்பட்டுக் கிடப்பதற்கும் இடையேயுள்ள வேற்றுமையாகும்.

நான் இரத்தினபுரிப் பகுதியில் ஆசிரியனாகவும் பின்னர் அதிபராகவும் பணியாற்றியவன். ஆதலின் அவ்வூரையும் களு கங்கையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, வெள்ள அபாயம் என்பது யாது, அதற்கெதிரான காப்புறுதி என்பது யாது என்னும் இரண்டையும் இன்று உங்களுடன் ஆராய விரும்புகின்றேன்.

களு கங்கை சிவனொளிபாத மலைச்சாரலில் பிறந்து களுத்துறையிற் கடலுடன் கலக்கின்றது. அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 129 கிலோமீற்றர். இரண்டாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கும் அவ்வாறு, முதல் 36 கிலோமீற்றர் தூரத்துக்குள்ளேயே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 14 மீற்றர் உயரமுள்ள சமநிலத்தை அடைந்துவிடுகின்றது. எஞ்சிய நெடுந்தூரத்தை அந்தப் பதினான்கு மீற்றர் சரிவைக் கொண்டே கடக்கவேண்டும். மலையிலிருந்து ஓடிவந்த நீர், ஊரருகே வந்ததும் நடக்கத் தொடங்குகின்றது. பின்னால் வருவது விரைந்து வர, முன்னால் உள்ளது மெல்லச் செல்ல, நடுவே நீர் தேங்கிக் கரைமீறுகின்றது. இரத்தினபுரியை அடுத்து வே கங்கையும் வந்து கலப்பதால் நிலைமை மேலும் கடுமையாகின்றது.

இந்த ஆற்றுப் படுகையில் ஆண்டுக்குச் சராசரியாக 4,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கின்றது. 1913, 1947, 2003, 2017 ஆகிய ஆண்டுகளில் வந்த பெருவெள்ளங்கள் அவ்வூராரின் நினைவில் நிற்பவை. 2003 மே மாதத்து வெள்ளமும் மண்சரிவுகளும் தென்னிலங்கையிலும் சப்பிரகமுவாவிலும் ஏறத்தாழ 250 உயிர்களைக் கொண்டன. 2017 மே மாத இறுதியில் மீண்டும் இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல், ஒரு மாவட்டத்தோடு நில்லாமல் நாட்டின் பல ஆறுகளையும் ஒருங்கே பெருகச் செய்து, நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டதை நாம் யாவரும் அறிவோம்.

ஆறு கரைமீறுவது இயற்கை. கரையோரத்துத் தாழ்நிலமும் சதுப்பும் வயலும் ஆற்றின் முற்றம் போன்றவை. நீர் பெருகும்போது அது சற்று அமர்ந்து செல்லும் இடங்கள். அவற்றை மண்ணிட்டு நிரப்பி நாம் வீடும் கடையும் கட்டுகின்றோம். ஒருவர் தம் காணியை இரண்டடி உயர்த்துகின்றார், அவருக்கு நன்மை. ஆனால் அங்கே அமரவேண்டிய நீர் அயலவர் வீட்டினுள் போகின்றது. மலைச்சரிவிலிருந்து கழுவப்பட்டுவரும் மண்ணும், சுரங்கக் குழிகளிலிருந்து எறியப்படும் மண்ணும் ஆற்றின் வயிற்றை நிரப்புகின்றன. எனவே அதே மழை பெய்தாலும் அதே வெள்ளம் வருவதில்லை.

இனி, பலரும் பிழையாக விளங்கிக்கொள்ளும் ஒரு சொற்றொடரைப் பற்றிக் கூறவேண்டும். "இது நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்று பொறியியலாளர் கூறுவர். அதைக் கேட்ட நம்மவர், "சரி, வந்து போய்விட்டது, இனி நம் பேரப்பிள்ளைகள் காலத்திலேதான் வரும்" என்று ஆறுதலடைகின்றனர். இது பெரும் பிழை. ஒரு பெட்டியில் நூறு புளியங்கொட்டைகள் உள்ளன என்றும், அவற்றுள் ஒன்றிற்கு மட்டும் சுண்ணாம்புப் பொட்டு இட்டிருக்கின்றது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் கண்ணைமூடி ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்தபின் மீண்டும் பெட்டியிலேயே இடவேண்டும். இவ்வாண்டு பொட்டிட்ட கொட்டை வந்தது என்பதற்காக அடுத்த ஆண்டு அது வராது என்று எவரும் சொல்லமுடியாது. வாய்ப்பு ஆண்டுதோறும் நூற்றில் ஒன்றே. ஒருவர் முப்பது ஆண்டுகள் அந்த இடத்தில் வாழ்ந்தால், அக்காலத்துள் ஒருமுறையேனும் அத்தகைய வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 26. அதாவது நாலு வீட்டுக்கு ஒரு வீடு. பத்தாண்டு வெள்ளம் எனப்படுவதை எடுத்தாலோ, முப்பது ஆண்டில் அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 96. அது அபாயமன்று, ஏறத்தாழ நிச்சயமே. வங்கிக் கடன் பெற்று வீடு கட்டும் இளைஞர்கள் இக்கணக்கை மனத்திற் கொள்ளவேண்டும்.

வானொலியில் வெள்ள எச்சரிக்கை வாசிக்கப்படும்போது, பலர் ஊரின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு எண்களைக் கேளாது விடுகின்றனர். நீர்ப்பாசனத் திணைக்களம் ஒவ்வொரு நீர்மானிக்கும் மூன்று மட்டங்களைக் குறித்துள்ளது. இரத்தினபுரியில் 5.2 மீற்றர் எச்சரிக்கை மட்டம், 7.5 மீற்றர் சிறுவெள்ள மட்டம், 9.5 மீற்றர் பெருவெள்ள மட்டம். இவ்வெண்களைத் தம் வீட்டோடு பொருத்திப் பார்க்காதவருக்கு இவற்றால் பயனில்லை. "ஆறு எட்டு மீற்றருக்கு வந்தபோது தண்ணீர் எங்கள் படிக்கட்டில் எத்தனையாம் படியில் நின்றது?" என்று ஒருமுறை கவனித்துக் குறித்துவைத்தவருக்கு, அடுத்தமுறை அறிவிப்பு வரும்போது எதை எப்போது தூக்கி வைக்கவேண்டும் என்பது தெரியும்.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். 2003இல் வெள்ளம் வடிந்த பின்னர், எங்கள் பாடசாலைக் காவலாளி, நீர் நின்ற உயரத்தைச் சுவரில் ஆணியாற் கீறி, திகதியையும் எழுதிவைத்தார். படிப்பறிவு குறைந்த அம்முதியவருக்கு இருந்த முன்யோசனை எனக்கு இருக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு விழாவை முன்னிட்டுச் சுவருக்கு வர்ணம் பூசப்பட்டது. அப்போது பொறுப்பாக இருந்தவன் நானே. "இந்தக் கீறலை விட்டுவிடவா, ஐயா?" என்று வர்ணம் பூசியவர் கேட்டார். பார்வைக்கு அழகாயிராது என்று எண்ணி, அழித்துவிடச் சொன்னேன். பின்பு அலுவலக அலுமாரியை அச்சுவரோரமாகவே வைத்து, பழைய சேர்வு இடாப்புகளைக் கீழ்த்தட்டில் அடுக்கினோம். 2017இல் தண்ணீர் மீண்டும் வந்தது. நாற்பது ஆண்டுக்காலப் பிள்ளைகளின் பெயரும் பிறந்த திகதியும் அடங்கிய ஏடுகள் சேற்றோடு சேறாயின. தோட்டப்புறத்திலிருந்து வந்து கற்ற பலருக்கு, வயதை நிரூபிக்க அந்த இடாப்பைத் தவிர வேறு சான்று இருக்கவில்லை. முதியவர் ஒருவர் ஓய்வூதியக் காரியமாகப் பள்ளிச் சான்றிதழ் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியபோது, நான் அழித்த அந்தக் கீறலே என் கண்முன் நின்றது. இன்று அதே உயரத்தில் மீண்டும் கோடு வரைந்திருக்கின்றோம். அதற்குக் கீழே ஒரு தாளும் வைப்பதில்லை.

நேயர்களே, ஏடுகளுக்குக் காப்புறுதி இல்லை. ஆனால் வீட்டுக்கும் கடைக்கும் உண்டு. காப்புறுதி என்பது நமக்குப் புதிய கருத்தன்று. நம் கிராமங்களில் மரணாதார சங்கங்கள் உள்ளன. மாதந்தோறும் ஒவ்வொருவரும் சிறுதொகை செலுத்துகின்றனர். யார் வீட்டில் இழவு விழுகின்றதோ அவ்வீட்டுக்குப் பணம் செல்கின்றது. ஒருவர் சுமக்கமுடியாத சுமையைப் பலர் பகிர்ந்து சுமக்கின்றனர். ஆயிரம் வீடுகளில் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து வீடுகள், வீட்டுக்கு ஐந்து இலட்சம் ரூபா வீதம் நட்டமடைகின்றன என்று கொள்வோம். மொத்தம் ஐம்பது இலட்சம். ஆயிரம் பேரும் ஆளுக்கு 5,000 ரூபாவும் நிர்வாகச் செலவும் செலுத்தினால் அது ஈடாகிவிடும். இதுவே காப்புறுதியின் அடிப்படை.

ஆயின் வெள்ளத்தில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. மரணம் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வருவதில்லை. வெள்ளமோ ஊர் முழுவதற்கும் ஒரே இரவில் வருகின்றது. அன்று சங்கத்தின் பெட்டி வெறுமையாகிவிடும். ஆதலாலேயே காப்புறுதி நிறுவனங்கள் தம் பொறுப்பின் ஒரு பகுதியை வேறு நாடுகளிலுள்ள பெருநிறுவனங்களிடம் மீள்காப்புறுதி செய்கின்றன. மற்றைய சிக்கல், மேட்டில் இருப்பவர் இத்திட்டத்தில் சேரமாட்டார். பள்ளத்தில் இருப்பவர் மாத்திரமே சேர்வர் என்பது. அப்போது கட்டுப்பணம் உயர்கின்றது. உயர்ந்ததும் வறியவர் விலகுகின்றனர். இக்காரணத்தால் இவ்விடயத்தில் அரசின் துணை அவசியமாகின்றது. 2006ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் அமைக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் மூலம், 2016 ஏப்ரலில் நம் நாட்டில் இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டமொன்று தொடங்கப்பட்டது. மக்கள் தனித்தனியே கட்டுப்பணம் செலுத்தாமலே, வீட்டுக்கும் சிறுதொழிலுக்கும் ஏற்படும் சேதத்துக்கு 25 இலட்சம் ரூபா வரையும், உயிரிழப்புக்கு ஓர் இலட்சம் ரூபாவும் அதில் விதிக்கப்பட்டன. அடுத்த மாதமே களனி கங்கை பெருகி அத்திட்டத்தைச் சோதித்தது. இத்தகைய திட்டங்களின் எல்லைகளும் நிபந்தனைகளும் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆதலின் உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரித்து அறிந்துகொள்வது உங்கள் கடமை.

தனியார் காப்புறுதி பெறுவோர் பத்திரத்தை வாசித்து விளங்கிக்கொள்வது இன்றியமையாதது. 2003 வெள்ளத்தின்பின் எனக்குத் தெரிந்த சிறு வியாபாரி ஒருவர், ஒன்பது ஆண்டுகள் தவறாது கட்டுப்பணம் செலுத்திய பத்திரத்தை என்னிடம் கொண்டுவந்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. "மாஸ்டர், இதில் தண்ணீர் என்ற சொல் எங்காவது இருக்கின்றதா என்று பாருங்கள்" என்றார். இருமுறை வாசித்தேன். தீயும் இடியும் இருந்தன; தண்ணீர் இல்லை. அவரை எவரும் ஏமாற்றவில்லை. ஆனால் எவரும் அவருக்கு விளக்கிச் சொல்லவுமில்லை. அவர் அப்பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அந்தக் கடை மறுபடி திறக்கப்படவில்லை.

எனவே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது: வெள்ளம் என்ற சொல் பத்திரத்தில் உண்டா? தீக் காப்புறுதியில் வெள்ளமும் புயலும் பெரும்பாலும் மேலதிகமாகக் கேட்டுச் சேர்க்கவேண்டியவை. மண்சரிவு வேறு, அதையும் தனியே கேளுங்கள். இரண்டாவது: காப்புறுதித் தொகை பொருளின் முழுப் பெறுமதிக்குச் சமமா? நாற்பது இலட்சம் பெறுமதியான வீட்டை இருபது இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்தால், எட்டு இலட்சம் நட்டம் வரும்போது, சராசரி விதி என்னும் நிபந்தனைப்படி நான்கு இலட்சமே கிடைக்கக்கூடும். பாதிக்குக் காப்புறுதி செய்தவர் மற்றப் பாதிக்குத் தாமே காப்புறுதியாளர் என்பது அதன் பொருள். மூன்றாவது: ஒவ்வொரு நட்டத்திலும் நாமே தாங்கவேண்டிய முதற்பகுதி எவ்வளவு? நான்காவது: நட்டம் நேர்ந்தபின் எத்தனை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும்? சேற்றைக் கழுவுமுன் புகைப்படம் எடுங்கள். பற்றுச்சீட்டுகளை உயரத்தில் வையுங்கள். பிணக்கு ஏற்படின் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் முறையிட வழியுண்டு. வாடகை வீட்டில் இருப்போர், "வீடு நமதன்றே" என்று சோர்ந்திருக்க வேண்டியதில்லை. சுவர் வீட்டுக்காரருடையது, உள்ளேயுள்ள பொருட்கள் உங்களுடையவை. அவற்றுக்குக் காப்புறுதி செய்யலாம்.

வெள்ளம் வந்தபின் நிவாரணம் வரும். சமைத்த உணவும் உலருணவும் வரும். அவற்றைக் கொடுப்போர் போற்றத்தக்கவர். ஆயினும் நிவாரணம் பிறர் மனமிரங்கித் தருவது. காப்புறுதி நாம் முன்னரே செலுத்திப் பெற்ற உரிமை. இரண்டும் வேண்டும். ஆனால் எந்தக் காப்புறுதியும் ஓர் உயிரைத் திருப்பித் தராது என்பதையும் மறத்தலாகாது. எச்சரிக்கை மட்டம் அறிவிக்கப்பட்டதும் முதியோரையும் குழந்தைகளையும் மேட்டுக்கு அனுப்புங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தை நினைவிற் கொள்ளுங்கள்.

இன்றிரவு ஒரு காரியம் செய்யுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கின்றேன். வீட்டில் மூத்தவரை அழைத்து, "முன்னர் வந்த பெருவெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது?" என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தில் சுவரில் ஒரு கோடு இடுங்கள். பின்பு அக்கோட்டுக்குக் கீழே என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். எதை மேலே ஏற்றலாம், எதைக் காப்புறுதி செய்யவேண்டும் என்பது அப்போது உங்களுக்கே விளங்கும். சுவருக்கு மீண்டும் வர்ணம் பூசும் நாளில், அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.