எழுத்தாளனும் புத்தகப் பெட்டியும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘இளைஞரும் எழுத்துத் துறையும்’ என்னும் பொருள் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நமது செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். பேராதனையில் இன்னும் பட்டம் பெறாத மாணவன் ஒருவன், தமிழ் கற்றுத் தேர்ந்த பெரியோர் முன்னிலையில் எழுத்தைப் பற்றி உபதேசம் செய்வது பொருந்தாது. ஆகவே உபதேசம் செய்ய நான் வரவில்லை. என் விடுதி அறையில், கட்டிலுக்குக் கீழே கிடந்த ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லவே வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு நானும் நண்பர் மூவருமாகச் சேர்ந்து, எங்கள் சிறுகதைகள் பன்னிரண்டைத் தொகுத்து நூலாக்கினோம். 300 பிரதிகள் அச்சிட்டோம். என் பங்குக்கு வேண்டிய பணத்தை அம்மா தம் சீட்டுக் காசிலிருந்து எடுத்துத் தந்தார்கள். வெளியீட்டு விழா வெகு சிறப்பாக நடந்தது. பொன்னாடைகள், மாலைகள், ஆறு வாழ்த்துரைகள்! ஒருவராவது கதைகளைப் படித்துவிட்டுப் பேசினார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அன்று விற்றவை 64. கையெழுத்திட்டு இலவசமாக வழங்கியவை 110. புத்தகசாலை ஒன்றில் கொடுத்துவைத்தவை 40. அவற்றுக்குப் பற்றுச்சீட்டும் வாங்கவில்லை, இன்றுவரை பணமும் வரவில்லை. மிஞ்சிய 86 பிரதிகள் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே போயின. மலைநாட்டு மழை எவரையும் விட்டுவைப்பதில்லை அல்லவா? இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது இருபது பிரதிகள் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன.

அம்மா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் பெரிய தண்டனை. இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த நாட்களில், வேறொரு கட்டுரைக்காக நூலகத்தில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. நாவலரைச் சைவம் காத்த பெரியார் என்று நம் சங்கத்திற் சிறு பிள்ளைக்கும் தெரியும். நான் அன்று படித்ததோ வேறொரு நாவலரை. கடதாசிக்கும் மைக்கும் கணக்குப் பார்த்த நாவலரை!

1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் நல்லூரிற் பிறந்த அவர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் படித்தார்; அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்குவதில் உதவினார். நானும் மிஷன் பாடசாலையிற் படித்தவனே. ஆதலால் ஒன்றை நிச்சயமாகச் சொல்வேன்: பாதிரிமாரிடம் எழுத்து என்பது எழுதி முடிப்பதோடு முடிவதில்லை. எழுது, அச்சிடு, கட்டு, சுமந்து செல், வாசிக்கிறவன் கையிற் கொடு. இவ்வளவும் அவர்களுக்கு ஒரே வேலை. பக்கத்திலிருந்து அதைப் பார்த்த நாவலர், அந்த முழு வேலையையும் சைவத்துக்காகச் செய்யப் புறப்பட்டார்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவரது பிரசங்கம் தொடங்கியது. மறு ஆண்டு மிஷன் உத்தியோகத்தை விட்டார். சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளி வந்தது, படிக்கப் புத்தகம் இல்லை. 1849இல் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகம் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். ‘நாவலர்’ என்னும் பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு அளித்தது இந்தப் பிரயாணத்தின்போதுதான். பட்டத்தை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அதே பிரயாணத்தில் வாங்கிய யந்திரத்தை நினைப்பவர் எத்தனை பேர்?

அந்த யந்திரத்தில் அவர் எவற்றை அச்சிட்டார் என்று பாருங்கள். குழந்தைகளுக்குப் பாலபாடம். பெரியவர்களுக்குப் பெரியபுராண வசனம். வித்துவான்களுக்கு இலக்கண இலக்கியப் பதிப்புகள். ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். ஆண்டுதோறும் பாலபாடம் வேண்டும். பெரும் பதிப்புகளுக்கு இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் போன்ற பிரபுக்கள் பொருளுதவி செய்தார்கள். ஓயாமல் விலைபோகும் சிறு நூல் ஒருபுறம், மெல்ல விலைபோகும் பெரு நூல் மறுபுறம். இதைத் திட்டமிட்ட வியாபார முறை என்று நான் சொன்னாற் பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆயினும் 1879இல் அவர் மறைந்த பின்னரும் அவர் புத்தகங்கள் மறையாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதே என் துணிபு.

அவரது வசன நடையும் இந்த வேலையோடு சேர்ந்து பிறந்ததே. கோயிலில் எதிரே இருந்து கேட்டவர்கள் யாவரும் வித்துவான்கள் அல்லர். அவர்களுக்கு விளங்கவேண்டும். ஆகவே சொற்களைப் பிரித்தார். ஆங்கில நூல்களிற் கண்ட குறியீடுகளைத் தமிழ் வசனத்துக்கும் கொண்டுவந்தார். கேட்பவனை நினைத்தவனுக்குத்தான் காற்புள்ளியின் அருமை தெரியும்.

இன்னொரு மகானின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். 1920இல் சுப்பிரமணிய பாரதியார் தம் எழுத்துக்கள் அனைத்தையும் நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி வீதம் வெளியிடத் திட்டமிட்டார். அதற்குக் கடன் தருமாறு அன்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தம் நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலச் செலவாகும் என்று நம்பினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே அவர் காலமானார். 1949இல் அவர் நூல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் பெற்று, பின்னர் பொதுவுடைமை ஆக்கியபின், அவை வீடுதோறும் சென்றன. ஆகவே அவர் மதிப்பீடு பிழையன்று. தீப்பெட்டிக்கு ஊர்தோறும் கடை இருந்தது. பாரதியின் பாட்டுக்கு அன்று அது இல்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

‘யாழ்ப்பாணமும் சென்னையும் போகட்டும், நம் ஊரில் யார்?’ என்று பின்வரிசை நண்பர்கள் கேட்பது புரிகிறது. 1838இல் இதே கண்டியிற் பிறந்தவர் அறிஞர் சித்திலெப்பை. வழக்கறிஞர்; கட்சிக்காரருக்குக் குறைவில்லாதவர். அவர் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் கதையை எழுதினார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று அதையே கூறுகிறார்கள். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் பெயரைத் தாங்கிய பாடசாலையைத் தினமும் கடந்து செல்கிறோம். அவர் நாவலைத் தொட்டுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? தோட்டப் பகுதிகளில் கோ. நடேசய்யர் அவர்கள் பத்திரிகையும் பிரசுரமும் நடத்த, அவர் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களிற் பாட்டாகவே செய்தியைப் பரப்பினார். படிக்கத் தெரியாதவரையும் வாசகராக்கும் வழி அது.

நம் காலத்துக்கு மிக அண்மையில் வாழ்ந்தவர் டொமினிக் ஜீவா. முடிதிருத்தும் தொழில் செய்தவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ என்னும் மாத இதழைத் தொடங்கி, 2012 வரை நடத்தினார். விற்பனையாளர் யார்? அவரேதான்! இதழ்களைக் கையிற் சுமந்து, வீதியிலும் விழாக்களிலும் ஆட்களைக் கண்டு விற்றார். விலையைக் கேட்டு வாங்கக் கூசவில்லை. 2021இல் அவர் மறைந்தபோது, ‘எனக்கு மல்லிகை விற்ற ஜீவா’ என்று எத்தனையோ பேர் நினைவுகூர்ந்தார்கள்.

இங்கே ஒரு வார்த்தை. நாவலர் காலத்துச் சைவப் பள்ளியில் ஜீவாவின் முன்னோருக்கு இடம் கிடைத்திருக்குமா என்று கேட்டால், கிடைத்திராது என்பதே நேர்மையான விடை. நாவலரைப் போற்றுகிற நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மூட்டை சுமந்த வகையில் இருவரும் ஒரே வழியில் நடந்தவர்களே.

‘கலைமகளை விற்கலாமா, தம்பி?’ என்று பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். நான் மரியாதையுடன் சொன்ன விடை இது: அச்சகத்தாருக்குக் கொடுத்தது என் தாயின் காசு. இலவசமாகக் கொடுத்த 110 பிரதிகளில் எத்தனை படிக்கப்பட்டன என்று அறியேன். காசு கொடுத்து வாங்கிய 64 பேரிற் பத்துப் பேராவது என்னை வழிமறித்து, இந்தக் கதை நன்று, இந்தக் கதை அறுவை என்று சொன்னார்கள். விலை கொடுத்தவன் தன் காசுக்குக் கணக்குக் கேட்கிறான். அந்தக் கணக்கு எழுதுகிறவனைத் திருத்துகிறது.

திருத்தம் என்றதும் என் அத்தை நினைவுக்கு வருகிறார். என் கதை ஒன்றில் கதாநாயகன் கண்டி வாவிக்கரையில் நாலு பக்கம் நடந்தபடியே சிந்திப்பான். அச்சேறிய பிறகுதான் அதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். “இவனுக்கு வேலைக்குப் போகத் தேவையில்லையா, தம்பி?” என்று கேட்டார். வாழ்த்துரை சொன்ன ஆறு பேருக்கும் தோன்றாத கேள்வி! அதை அச்சுக்கு முன் கேட்டிருந்தால் மூன்று பக்கக் கடதாசி மிஞ்சியிருக்கும். இப்போது எதை எழுதினாலும் முதலில் அத்தைக்கே வாசிக்கிறேன். அவர் அடுப்பைப் பார்க்கத் திரும்பினால், அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அச்சகம் ஒன்றில் மட்டும் விலை கேட்காதீர்கள். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று பெயர் பெயராக எழுதிப் பார்த்தபின் பிரதிகளின் தொகையைத் தீர்மானியுங்கள். இக்காலத்தில் நூறு பிரதியும் அச்சிடலாம், பின்பு மேலும் அச்சிடலாம். கடையிற் கொடுத்தாற் பற்றுச்சீட்டும், கழிவு எவ்வளவு என்பதும், பணம் தரும் திகதியும் எழுத்தில் இருக்கட்டும். தேசிய நூலகத்தில் நூலுக்குரிய சர்வதேசத் தர எண்ணைப் பெறுங்கள். ஒரு கொப்பியில் வரவு செலவை அன்றன்றே எழுதுங்கள். இவற்றில் ஒன்றையும் நாங்கள் செய்யவில்லை என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

நாவலரைப் படித்த மறுவாரம் அந்தப் பெட்டியை வெளியே இழுத்தேன். நல்ல நிலையில் 66 பிரதிகள் இருந்தன. சனிக்கிழமைதோறும் பத்துப் பிரதிகளைப் பையிலிட்டு, கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் தெரிந்த ஆசிரியர் வீடுகளுக்குச் சென்றேன். முதல் வீட்டில் விலையைச் சொல்ல நாக்கு எழவில்லை. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் வீட்டிற் சொல்லிவிட்டேன். அந்த ஆசிரியை இரண்டு பிரதிகள் வாங்கினார். ஒன்று தமக்கு, ஒன்று பாடசாலை நூலகத்துக்கு. இரண்டு மாதத்தில் 35 விற்றன. அம்மாவின் சீட்டுக் காசிற் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா எண்ணிப் பார்க்காமலே முந்தானையில் முடிந்துகொண்டு, “அடுத்தது எப்போது எழுதப்போகிறாய்?” என்று கேட்டார்கள்.

நிர்வாக சபையினருக்கு ஒரு வேண்டுகோள். நமது சங்கம் ஆண்டுதோறும் இளம் எழுத்தாளருக்குப் பொன்னாடை போர்த்துகிறது. அந்தச் செலவுக்கு, சங்க உறுப்பினர் எழுதிய நூலில் இருபது பிரதிகளை வாங்கிச் சுற்றுப்புறத் தோட்டப் பாடசாலைகளுக்கு அனுப்பினால் என்ன? பொன்னாடை எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கிறது.

வாசலருகே உள்ள மேசைமேல் எஞ்சிய 31 பிரதிகளையும் வைத்திருக்கிறேன். விலை 350 ரூபா. வாவிக்கரையில் நடக்கும் கதை 41ஆம் பக்கத்தில் உள்ளது. அதைத் தாண்டிச் செல்லலாம். இலவசப் பிரதி கிடையாது.