எந்த ஏட்டை எடுப்பது?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரை)



சென்ற மாதம் இலண்டனிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் பேசினார். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு ஊருக்கு வருகிறாராம். "மாமா, புத்தகம் வாசிக்கிற மெசின் ஒண்டு உங்களுக்குக் கொண்டு வாறன். கிண்டிலா, கோபோவா, வேற ஏதுமா? எதெண்டு சொல்லுங்க, மறுகா நான் வாங்கிறன்" என்றார். மீன் என்றால் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இதில் எதைத் தூக்கிப் பார்ப்பது? இரண்டு வார அவகாசம் கேட்டுக்கொண்டேன். அந்த இரண்டு வாரத்தில் நான் விசாரித்து அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

எனக்கு ஏன் இந்தக் கருவி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை ஊர். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியில் என் தகப்பனாரின் புத்தகங்களில் பாதி நனைந்து போயின. மீதியையும், நான் சேர்த்தவற்றையும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோயிற்று. வீ. சீ. கந்தையா அவர்களின் 'மட்டக்களப்புத் தமிழகம்', எவ். எக்ஸ். சீ. நடராசா அவர்கள் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' எல்லாம் ஒரே அலுமாரியில் இருந்தவை. திரும்ப வாங்குவோமென்றால், கடையில் கிடைத்தால்தானே வாங்குவதற்கு?

அந்த வேளையில்தான் 2005 இல் நூலகம் என்ற இணைய முயற்சி தொடங்கியது. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, யாரும் காசின்றி எடுத்து வாசிக்க வைத்தார்கள். போனது என்று நான் கைகழுவிய புத்தகங்களைப் பேரனின் தொலைபேசியில் கண்டபோது ஏற்பட்ட உணர்ச்சியை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஆனால் உள்ளங்கை அகலத் திரையில், கண்ணில் புரை விழுந்தவன் எத்தனை பக்கம் வாசிப்பது? பத்தாம் பக்கத்தில் கண்ணீர் வடியும். அது கதையின் சோகத்தால் வந்த கண்ணீர் அல்ல.

மருமகன் சொன்ன கருவிகளின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அவற்றின் திரைக்குள் மிக நுண்ணிய குமிழ்கள். ஒவ்வொன்றிலும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்சாரம் கறுப்பை மேலே இழுத்தால் எழுத்து, வெள்ளையை இழுத்தால் தாள். பக்கம் புரட்டும்போது மட்டுமே மின்சாரம் பெரிதாகச் செலவாகும். புரட்டிய பக்கம் சும்மாவே நிற்கும். ஆதலால் வாசிப்பவரைப் பொறுத்து நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ பற்றரி தாங்கும். வெயிலில் தாளைப்போலத் தெளிவாகத் தெரியும். 2022 மார்ச் முடிவில் ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. இம்முறையில் முதற் கருவியைச் சோனி நிறுவனம் 2004 இல் ஜப்பானில் விற்றது. 2007 இல் அமேசன் நிறுவனத்தின் கிண்டில் வந்தது. அதன் பின்னர் கோபோ, பூக்ஸ் என்று பல.

விசாரித்தவர்கள் எல்லோரும் கிண்டிலையே சொன்னார்கள். விலை மலிவு, கடை பெரியது. 2016 டிசம்பரிலிருந்து அங்கே தமிழ்ப் புத்தகங்களும் விற்கிறார்கள். அது உண்மைதான். நாவல்களும் சிறுகதைகளும் வாசிப்பவர்களுக்கு, அதிலும் தமிழகத்து வெளியீடுகளை விரும்புபவர்களுக்கு, அந்த ஆறு அங்குலக் கிண்டிலே போதும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்து அடுத்த பக்கத்துக்கு ஓடும். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கியங்களையும் அப்படியே வாசிக்கலாம்.

நான் வாசிக்க நினைப்பவையோ பக்கத்தின் படங்கள். படத்திலுள்ள வரி மடியாது. பக்கம் முழுவதையும் ஒரே அடியாகச் சுருக்கித்தான் திரைக்குள் அடக்க வேண்டும். அளவுகோலை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். நம் பழைய புத்தகங்களிற் பல எட்டரை அங்குல உயரமும் ஐந்தரை அங்குல அகலமும் கொண்டவை. ஆறு அங்குலம் என்று விற்கும் திரையோ மூலைக்கு மூலை அளந்த ஆறு. உயரம் ஐந்து அங்குலங்கூட இல்லை. எழுத்து ஏறத்தாழப் பாதியாகிவிடும். 'யாழ் நூ'லில் அட்டவணைகள் வேறு இருக்கின்றன. பெரிதாக்கிப் பெரிதாக்கி இடமும் வலமும் தள்ளிக்கொண்டிருந்தால், அடிகளாரின் கணக்கு எங்கே தொடங்கியது என்பதே மறந்துபோகும். பத்தே கால் அங்குலத்துக்கு மேற்பட்ட திரை என்றால் பக்கம் ஏறக்குறைய அச்சிட்ட அளவிலேயே நிற்கிறது.

இன்னொரு சங்கடம் நம் எழுத்தில் இருக்கிறது. 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவே ககரம். இதைச் சரியாகக் கோக்கத் தெரியாத கருவியில் கொம்பும் காலும் இடம்மாறி, புள்ளடி போட்ட வாக்குச் சீட்டைப்போலப் பக்கம் குழம்பிக் கிடக்கும். இப்போது பெரும்பாலும் திருத்திவிட்டார்கள். ஆனாலும் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், ஒரு தமிழ்க் கோப்பைப் போட்டுப் பார்த்தே எந்தக் கருவியையும் வாங்க வேண்டும்.

பெரிய திரையுள்ள கிண்டிலும் இருக்கிறதே என்று மருமகன் கேட்டார். என் தயக்கம் வேறு. 2009 யூலையில் ஜோர்ஜ் ஓவலின் இரண்டு நூல்களைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களின் கிண்டிலிலிருந்து, விற்ற நிறுவனமே ஒரு நாள் தூரத்திலிருந்து அழித்துவிட்டது. பதிப்புரிமைச் சிக்கல் என்றார்கள். காசைத் திருப்பிக் கொடுத்து, பின்னர் மன்னிப்பும் கேட்டார்கள். அழிந்த நூல்களில் ஒன்று '1984' என்பதை வாசித்தவர்கள் சிரித்திருப்பார்கள். 2025 பெப்ரவரியில், வாங்கிய மின்நூலை அவர்களின் தளத்திலிருந்து கணினியில் இறக்கி வயர்மூலம் கருவிக்கு மாற்றும் வசதியையும் நிறுத்திவிட்டார்கள். சொந்தக் கோப்புகளைப் போட்டு வாசிக்க இன்னமும் தடையில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இருந்தாலும், காற்றுக்கும் கடலுக்கும் புத்தகத்தைக் கொடுத்த நான் மூன்றாவதாக ஒரு கடைக்காரருக்கும் கொடுக்க விரும்பவில்லை. கோப்பு என் கையில் இருக்க வேண்டும்; ஒரு பிரதி பேரனின் கணினியிலும் இருக்க வேண்டும்.

ஆகவே அன்ட்ரொயிட் முறையில் இயங்கும், பத்து அங்குலத்துக்கு மேற்பட்ட பூக்ஸ் ஒன்றைக் கேட்டேன். அதில் நூலகத்தின் தளத்தையே திறந்து புத்தகத்தை நேரே இறக்கலாம். குறை இல்லாமலில்லை. விலை சிறியதைப் போல இரண்டு மூன்று மடங்கு. பற்றரி கிண்டிலைப்போல நீடிக்காது. படுத்துக்கொண்டு வாசித்தால் கை வலிக்கும். திரை உடைந்தால் களுவாஞ்சிக்குடியில் திருத்துவார் இல்லை. மனைவிக்கு விலையைச் சொல்லவில்லை. இந்த உரையை அவர் கேட்கமாட்டார் என்ற துணிவில்தான் இங்கே சொல்கிறேன்.

வாங்குமுன் ஒரு நிபந்தனை விதித்தேன். 'மட்டக்களப்புத் தமிழக'த்தைக் கடையிலேயே கருவியில் இறக்கி, ஒரு பக்கத்தைத் திறந்து எனக்குக் காட்ட வேண்டும். குருமண்வெளித் துறையில் பாதை ஏறினால் அக்கரையில் இறங்கும் மண்டூரிலே பிறந்தவர் கந்தையா. அவர் 1964 இல் வெளியிட்ட அந்த நூலை, இலண்டன் கடையொன்றில் விற்பனைப் பெண் பார்த்துக்கொண்டு நிற்க, மருமகன் திறந்து படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பக்கத்தின் நிறம் சற்றுச் சாம்பல். ஓரத்தில் பழைய உரிமையாளர் யாரோ பென்சிலால் போட்ட கோடும் விழுந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தேன். முதற் பந்தி தடையின்றி ஓடியது.

"என்ன மாமா, வாங்கட்டா?" என்றார்.

"வாங்கு மகன். உறையும் ஒண்டு வாங்கு, தண்ணி போகாத உறையா" என்றேன்.