சொல்லக் கூசும் வருத்தமும் ஓர் ஆய்வாளரும்



இன்று குடலைப் பற்றியும், மலம் கழிப்பதில் உள்ள சிரமங்களைப் பற்றியும் கதைக்கப் போகிறேன். சாப்பாட்டு மேசையில் இருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். வானொலியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நாம் கூச்சப்பட்டு வாய்மூடி இருப்பதால் வரும் கெடுதியைப் பற்றியதுதான் இப்பேச்சு.

நம் ஒக்லாந்து நகரில் இயன் பிசெட் என்றொரு பேராசிரியர். பெருங்குடல், மலக்குடல் சத்திரசிகிச்சை நிபுணர். நேபாளத்திலும் பணியாற்றியவர். மலக்குடற் புற்றுநோயை எப்படிச் சுத்தமாக வெட்டியெடுப்பது என்பது அவருடைய ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று. மலக்குடலைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு. அந்த உறையைக் கிழிக்காமல், அதற்கு வெளிப்புறமாகவே வெட்ட வேண்டும் என்பதைப் பற்றி, பேராசிரியர் கிரகம் ஹில்லுடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் எழுதினார்.

நான் கணக்காளன். எதையும் வரவு, செலவு என்று பார்ப்பது என் பழக்கம். இந்தச் சத்திரசிகிச்சையின் வரவுப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்: கட்டி போயிற்று, உயிர் தப்பியது, பலருக்கு வயிற்றில் நிரந்தரமாகப் பை கட்டவேண்டிய நிலையும் நீங்கியது. செலவுப் பக்கத்தை நெடுங்காலமாக யாரும் ஒழுங்காக எழுதவில்லை.

மலக்குடல் என்பது ஒரு சேமிப்பிடம். வெளியேற்றத் தக்க நேரம் வரும்வரை மலத்தைத் தாங்கி வைத்திருக்கும். அதை எடுத்துவிட்டு மேலேயுள்ள குடலைக் கீழே இணைத்தால், தாங்கி வைக்கும் இடம் குறைந்துவிடுகிறது. ஒரு நாளில் பலமுறை போகவேண்டி வரும். வந்தால் அடக்க முடியாது. போய் வந்த கையோடு மறுபடியும் வரும். சிலருக்கு உடுப்பில் கசியும். சிலருக்கு முழுதாக வெளியேறாது.

2012இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஐந்து கேள்விகளைக் கொண்டு இதை அளக்க ஒரு முறை வகுத்தார்கள். ஆனால் எதை இந்த நோய்நிலை என்று அழைப்பது என்பதில் எல்லோருக்கும் பொதுவான வரையறை இருக்கவில்லை. அந்த வேலையில் ஒக்லாந்தைச் சேர்ந்த சீலியா கீன், பிசெட், கிரெக் ஓகிராடி ஆகியோர் பல நாட்டவருடன் இறங்கினர். முடிவு 2020இல் வெளியாயிற்று.

இதில் என்னைக் கவர்ந்த விடயம் ஒன்று உண்டு. சத்திரசிகிச்சை நிபுணர்களையும் ஏனைய மருத்துவப் பணியாளர்களையும் கேட்டதுபோலவே, நோயாளிகளையும் நிபுணர்களாகக் கொண்டு கேட்டார்கள். எட்டு அறிகுறிகளும் எட்டு விளைவுகளும் பட்டியலில் வந்தன. ஓர் அறிகுறியாவது இருந்து, அதனால் வாழ்க்கையில் ஒரு விளைவாவது ஏற்பட்டால், அது இந்த நோய்நிலை. விளைவுகள் எவை தெரியுமா? கழிப்பறையை விட்டு அகல முடியாமை, எந்நேரமும் அதே நினைப்பு, மனச்சோர்வு, வெளியே போகாமல் ஒதுங்குதல், கணவன் மனைவி உறவில் பாதிப்பு, கடமைகளைச் செய்ய முடியாமை. செலவுப் பக்கம் எழுதப்பட்டாயிற்று.

அந்தக் கலந்தாய்வு ஆங்கிலம், ஸ்பானியம், டேனியம் ஆகிய மூன்று மொழிகளில் நடந்தது. தமிழில் கேட்டிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? விரியிலோ பப்பட்டோட்டோவிலோ உள்ள ஒரு தகப்பனார் வைத்தியரிடம் போகிறார். மகள் மொழிபெயர்க்கிறாள். "வயிற்றாலை போறது எப்படி?" என்று கேட்டால், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லைப் பிள்ளை" என்கிறார். வைத்தியரும் அப்படியே எழுதிக்கொள்கிறார். பிறகு தகப்பனார் கோயிலுக்கு வருவதில்லை. வந்தாலும் கதவோரம் நிற்கிறார். கிடங்கில் இரவு வேலை செய்பவர் மேற்பார்வையாளரிடம் எத்தனை தரம் அனுமதி கேட்பார்?

தாய்மாரின் கதையும் இதுதான். 1993இல் இலண்டனில் அப்துல் சுல்தான் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, இயற்கையாக முதற்பிள்ளை பெற்ற பெண்களில் 35 வீதமானோருக்கு ஆசனவாய்த் தசையில் சேதம் இருந்தது. 13 வீதமானோருக்கே அறிகுறிகள் தெரிந்தன. பல ஆண்டுகள் கழித்து, வயது போகும்போது தசை தளர, சிரமம் வெளிப்படலாம். "பிள்ளை பெத்தால் இப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்கிறார்கள்.

பொறுக்கத் தேவையில்லை. உணவு மாற்றம், மருந்து, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, நீரால் குடலைக் கழுவும் முறை, நரம்பைத் தூண்டும் சிறு கருவி என்று வழிகள் உண்டு. ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் உயிர்ப்பொறியியல் நிறுவகத்தில் ஜெனி குரூகர் குழுவினர் அத்தசைகளின் அழுத்தத்தை அளக்கும் கருவியொன்றையே உருவாக்கியிருக்கிறார்கள்.

ஆகவே மூன்று காரியம். ஒன்று, பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். 1996ஆம் ஆண்டின் நோயாளர் உரிமைக் கோவை, தேவைப்படும் இடத்திலும் இயலுமான இடத்திலும் தகுதியான மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையைத் தந்துள்ளது. கேளுங்கள். இரண்டு, மலத்தில் இரத்தம் கண்டாலோ போகும் வழக்கம் மாறினாலோ மூலம் என்று நீங்களே தீர்மானிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மூன்று, 2017இல் தொடங்கிய தேசிய குடற்புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தின் பொதி தபாலில் வந்தால் குப்பையில் போடாதீர்கள். அது இலவசம். 60 வயதில் தொடங்கிய அதை 58 ஆகக் குறைக்கும் முடிவும் 2025இல் அறிவிக்கப்பட்டது.

எவ்வளவோ கொடுமைகளைத் தாண்டி இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். அவற்றை வாய்விட்டுச் சொன்னதால்தான் நமக்கு இங்கே இடம் கிடைத்தது. இதையும் சொல்லப் பழகுவோம்.