பல்கலைக்கழகக் கல்வியும் நன்னூல் காட்டும் கணக்கும்



பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும் முறை மாறிவருகிறது என்பதை அனைவரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அம்மாற்றத்தின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க விழைகிறேன்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மாசூர் என்னும் இயற்பியல் பேராசிரியர் 1984 முதல் கற்பித்து வருகிறார். அவருடைய விரிவுரைகளை மாணவர்கள் போற்றினர். தேர்விலும் கடினமான கணக்குகளுக்கு விடை கண்டனர். 1990ஆம் ஆண்டு வாக்கில் அவர்களிடம் எளிய வினாத்தாள் ஒன்றை அவர் கொடுத்தார். கனத்த லாரியும் சிறிய காரும் மோதும்போது எதன் விசை மிகுதி என்பது போன்ற வினாக்கள். இரண்டும் சமமே, அது நியூட்டனின் மூன்றாம் விதி. விதியை ஒப்புவிக்க வல்லவர்களே தடுமாறினர். நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று மாணவி ஒருவர் கேட்டாராம். அக்கேள்வி அவரை உலுக்கியது.

அதன்பின் அவர் நீண்ட விரிவுரையைக் குறைத்தார். பாடத்தை முன்னரே படித்து வரச் செய்தார். வகுப்பில் ஒரு வினாவை எழுப்பி, ஒவ்வொருவரும் தனியே விடை தந்தபின், அருகிலிருப்பவரோடு வாதிடச் சொல்லி, மீண்டும் விடை கேட்டார். 1997இல் இம்முறையை நூலாகவும் வெளியிட்டார்.

தமிழ் கற்றவர்க்கு இங்கே நன்னூல் நினைவுக்கு வரும். பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் கற்றலைப் பங்கிட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை முறையாகக் கேட்டவனுக்கும் கிடைப்பது காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய பாதி. நம்மவர் அன்றே சொல்லிவிட்டார் என்று மார்தட்ட இதைக் கூறவில்லை. அப்பாயிரத்தையே மனப்பாடம் செய்வித்த வகுப்பறைகளுக்கு அப்பெருமை பொருந்தாது.

அந்தக் கணக்கை இன்றைய நிலையோடு ஒப்பிடுவோம். ஆசிரியரின் காற்பங்கு இணையத்திற்குப் பெயர்ந்துகொண்டிருக்கிறது. 2017இல் நடுவண் அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தின் வழியாக, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை பயிலப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. இதில் இழப்புப் பெரிதில்லை. சிற்றூர் மாணவர்க்கு ஆதாயமும் உண்டு. என் கவலை அந்தப் பாதியைப் பற்றியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், மாணவன் தன் சொல்லால் எழுத வேண்டிய கட்டுரையை இயந்திரம் நொடிப்பொழுதில் எழுதித் தருகிறது. கட்டுரை வந்து சேர்கிறது. எடுத்துரைத்தல் மட்டும் நிகழவில்லை.

ஆகவே சில பல்கலைக்கழகங்கள் வாய்மொழித் தேர்வை நாடுகின்றன. நல்லதே, ஆனால் எளிதன்று. 60 பேர் உள்ள வகுப்பில் ஒருவர்க்கு 10 நிமிடம் என்றாலும் 10 மணி நேரம் ஆகும். கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் நம் அரசுக் கல்லூரிகளில் அந்த நேரத்தை யார் தருவது? ஆசிரியப் பணியிடங்களை நிரப்பாமல் இம்மாற்றம் நம் ஊருக்கு வாராது.

பெற்றோர்க்கு ஒரு சொல். “எங்கள் பேராசிரியர் பாடமே நடத்துவதில்லை; எங்களையே பேசச் சொல்கிறார்” என்று பிள்ளைகள் முறையிட்டால் உடனே கல்லூரியின்மேல் சினம் கொள்ள வேண்டா. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் செய்த ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. தாமே முயன்று கற்றவர்கள் தேர்வில் மிகுதியாகப் பெற்றனர். ஆயினும், விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே எண்ணினர். தங்கு தடையற்ற பேச்சைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதுபோல் தோன்றுவது இயல்பு.

நிறைவாகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் அறக்கட்டளை உதவித்தொகைக்கு மதிப்பெண் பட்டியலின் படியைக் கேட்டுப் பெறுகிறோம். அதனை அப்படியே வைத்துக்கொள்வோம். அதனோடு, உதவி பெறும் ஒவ்வொரு மாணாக்கரும் ஆண்டுக்கு ஒருமுறை நம்முன் அமர்ந்து, தாம் கற்ற ஒரு செய்தியைப் 10 நிமிடம் தமிழில் விளக்கட்டும். பொறியியலோ மருத்துவமோ, நமக்குப் புரியாவிடின் நாமும் கேள்வி கேட்போம். வரும் ஆண்டின் விண்ணப்பப் படிவம் அச்சாகும் முன் இதனை ஆராயுமாறு வேண்டி அமைகிறேன்.