கைக்குழந்தையோடு ஜெர்மனியில் நண்பர் வீட்டுக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரகடத்தில் டைம்லர் லாரித் தொழிற்சாலை 2012-இல் திறந்த பிறகு, ஜெர்மனி என்பது நம் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அவ்வளவு தூரத்து நாடாகத் தெரிவதில்லை. கூட வேலை பார்த்தவர் ஸ்டுட்கார்ட்டுக்குப் போகிறார், கல்லூரித் தோழி மியூனிக்கில் குடியேறுகிறார். "குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று போனில் கூப்பிடுகிறார்கள். போகலாமா, இரண்டு வயது ஆகட்டுமா என்று யோசிக்கும் இளம் தம்பதிகள் நம் அடுக்ககத்திலும் இருக்கிறீர்கள். செயலாளர் என்னைப் பேசச் சொன்னது உங்களுக்காகத்தான்.

போகலாம். ஆனால் சுற்றுலா என்று கிளம்பினால் சிரமப்படுவீர்கள். இன்னொரு அடுக்ககத்தில் பதினைந்து நாள் குடியிருக்கப் போகிறோம் என்று நினைத்துக் கிளம்புங்கள். ஜெர்மனியில் பாதிக்கும் மேற்பட்டோர் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். உங்கள் நண்பர் வீட்டுக்கும் மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் காகிதங்கள். குழந்தை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதற்குத் தனி பாஸ்போர்ட், தனி விசா வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழும், தாய் தந்தை இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழியும் தேவை. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நீங்களே கொண்டுபோக வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஆறு வயதுக்குள் விசாக் கட்டணம் கிடையாது, பன்னிரண்டு வயதுக்குள் கைரேகையும் கிடையாது. பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போவதானால் மற்றவரின் சம்மதக் கடிதம் கட்டாயம். உங்கள் செலவை நண்பர் ஏற்பதானால், சாதாரண அழைப்புக் கடிதம் போதாது; அவர் தம் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் முறைப்படி உறுதிமொழிப் பத்திரம் எடுத்து அனுப்ப வேண்டும்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, குழந்தையின் பேரிலும் எடுக்க வேண்டும். விசாவுக்காக மட்டும் என்று மலிவானதை எடுத்துவிடாதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நம்பப்போவது அதைத்தான். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் குழந்தை மருத்துவரைப் பார்த்து, தடுப்பூசி அட்டையைக் காட்டி, மருந்துச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெட்டி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது. பாட்டி உருக்கிக் கொடுத்த நெய்யும் அதில் அடக்கம். பிரிக்காத டப்பாவில் உள்ள குழந்தைப் பால் பவுடருக்கு மட்டும் 2 கிலோ வரை விலக்கு உண்டு. மாம்பழமும் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகாது. சுக்கு, மிளகு, சீரகம் எடுத்துப் போங்கள். நெய்யை அங்கே வாங்கி, காஞ்சிபுரம் இட்லியை நண்பர் வீட்டிலேயே அவித்துக் கொடுங்கள். பட்டுச் சேலை பரிசு கொடுப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் விமானத்தில் போகும் பெரியவர் ஒருவருக்கு 430 யூரோ மதிப்பு வரைதான் வரி விலக்கு. அதற்கு மேல் விலையுள்ள சேலையைச் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள், ரசீதும் கையில் இருக்கட்டும்.

விமானத்தில் இரண்டு வயதுக்குள் மடியில் வைத்துக்கொள்ளலாம். தொட்டில் மாட்டும் முன்வரிசை இருக்கையை டிக்கெட் போடும்போதே கேளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் காது அடைப்பு குறையும். விமான நிலையத்தில் நண்பர் காரோடு வந்தாலும் அதில் குழந்தை இருக்கை இருக்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு காரில் போவது அங்கே சட்டப்படி குற்றம். ஆகவே, "இருக்கை ஏற்பாடு ஆயிற்றா?" என்று முன்கூட்டியே கேட்பதில் கூச்சம் வேண்டாம். ரயில் என்றால் ஆறு வயதுக்குள் டிக்கெட் இல்லை. ஐசிஇ ரயில்களில் கைக்குழந்தைக்காரர்களுக்கென்றே தனி அறை உண்டு.

இப்போது வீட்டுக்கு வருவோம். இங்கே விடியற்காலை ஐந்தரைக்கு எழும் குழந்தை, அங்கே கோடையில் இரவு 2 மணிக்கும், குளிர்காலத்தில் 1 மணிக்கும் எழுந்து விளையாடக் கூப்பிடும். இரவு 10 முதல் காலை 6 வரை அங்கே அமைதி நேரம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே அமைதி நாள். குழந்தை அழுவதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் கிலுகிலுப்பையும் மரத் தரையில் உருட்டும் வண்டியும் வேண்டாம். போன முதல் நாளே நண்பரோடு மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் போய், குழந்தையைக் காட்டி, "சில நாள் இரவில் அழுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அந்த அக்கம்பக்கத்தாரோடு வாழப்போகிறவர் உங்கள் நண்பர்.

பாட்டியும் உடன் வந்தால் அவரிடம் இரண்டு விஷயம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது அங்கே நடக்காது. பெரும்பாலான குளியலறைகளில் தரையில் தண்ணீர் போக வழி இல்லை. தொட்டிக்கு வெளியே ஊற்றினால் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கும். அடுத்தது சாம்பிராணி. படுக்கையறையிலும் நடைவழியிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கும். தூபம் போட்டால் கட்டடமே கேட்கும்படி அலறும். புகை குழந்தையின் மூச்சுக்கு நல்லதில்லை என்றுதான் நம் மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். டயப்பர், பழக்கூழ் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். டிஎம், ரோஸ்மான் கடைகளில் குழந்தைக்கு வேண்டியது அத்தனையும் கிடைக்கும். அவசரம் என்றால் 112. அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் மருத்துவமனை மூடிய நேரத்தில் டாக்டர் வேண்டும் என்றால் 116117. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

ஒரு நாள் வெளியே போவதென்றால், மூன்று இடம் வேண்டாம், ஒரே இடம் போதும். நண்பர் வீடு மேற்கு ஜெர்மனியில் இருந்தால் ஹாம் நகருக்குப் போய் வாருங்கள். அங்கே நம் அம்மன் பெயரிலேயே ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோவில் இருக்கிறது. போரால் ஊரை விட்டு வந்த ஈழத் தமிழர்கள் எழுப்பியது. ராஜகோபுரத்தோடு கூடிய இப்போதைய கோவில் 2002-இல் அமைந்தது. கோடையின் தொடக்கத்தில் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். தள்ளுவண்டியில் குழந்தைகளோடு வரும் குடும்பங்களும் நிறைய.

கடைசியாக, நாம் அங்கிருந்து எடுத்து வரக்கூடிய ஒன்று. காப்பகத்துக் குழந்தைகளின் சத்தம் தாங்கவில்லை என்று ஜெர்மனியில் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்ட காலம் உண்டு. 2011-இல் அவர்கள் மத்தியச் சட்டத்தையே திருத்தினார்கள். காப்பகம், விளையாட்டுத் திடல் போன்ற இடங்களில் குழந்தைகள் எழுப்பும் சத்தத்தைப் பொதுவாகக் கேடான இரைச்சலாகக் கருதக் கூடாது என்பது அந்தத் திருத்தம். அதற்காக எந்த நேரமும் எவ்வளவு சத்தமும் போடலாம் என்று அர்த்தமில்லை. பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு. இருந்தாலும், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியை விரும்புகிற ஒரு நாடு, குழந்தையின் குரலைத் தனியாகப் பிரித்து வைத்தது கவனிக்க வேண்டியது.

நம் புகார்ப் புத்தகத்திலும் "ராத்திரியில் குழந்தை அழுகிறது", "வண்டி நிறுத்தும் இடத்தில் பசங்கள் கத்துகிறார்கள்" என்று வரிகள் இருக்கின்றன. வயதானவர்களுக்கும், இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர்களுக்கும் அது உண்மையான கஷ்டம்தான். ஆகவே ஒரு யோசனை. மாலை 5 முதல் 7 வரை குழந்தைகள் தடையில்லாமல் விளையாடட்டும். மதியமும் இரவும் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும். கைக்குழந்தை உள்ள வீட்டார் மேலே கீழே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டும். அழும் குழந்தையைப் பற்றி இனி புத்தகத்தில் எழுத வேண்டாம். கதவைத் தட்டி, "ஏதாவது உதவி வேண்டுமாம்மா?" என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி முடிவு செய்யும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

பயணம் பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.